'என்னால் முடியும்' என்பதும் மருந்தே

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தை மண்சரிவு லயங்களையும் உயிர்களையும் விழுங்கியது. ஸ்பிரிங்வெளி மலைச்சரிவிலும் அடைமழை வந்தால் அந்த அச்சம் எழுகிறது.

வீட்டையும் நிலத்தையும் இழந்தவரிடம், "தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், பிரஷர் மாத்திரையை விடாதீர்கள்" என்கிறோம். "இனி என்ன இருக்கு, சாமி?" என்கிறார். இது சோம்பலன்று. இழப்போடு தன்னம்பிக்கையும் போய்விட்டது.

'என்னால் முடியும்' என்ற நம்பிக்கையே ஒரு காரியத்தைத் தொடங்கவும் தளராது தொடரவும் வைக்கிறது என 1977இல் எழுதினார் உளவியலாளர் அல்பேட் பண்டுரா. சிறு வெற்றியும், நம்மைப் போன்றவர் சாதிப்பதைக் காண்பதும், பிறர் தரும் ஊக்கமும் அதை வளர்க்கும்.

ஆகவே, அன்பர்களே, இந்த வாரம் கொதித்த தண்ணீர் மட்டும். அடுத்த வாரம் ஒரு பாத்தி கீரை. கிளினிக்கிற்கு அயல்வீட்டாரையும் அழைத்துச் செல்வோம். காணியும் வீடும் கேட்பது நம் உரிமை; கேட்டு நிற்க உடலில் பலமும் வேண்டுமே!