இரவல் கதையில் சொந்தக் கண்ணீர்
அல்சூரில் என்னிடம் அனிமேஷன் படிக்கும் பிள்ளைகளுக்கு முதலில் ‘கன்பஸ்டர்’தான் போட்டுக் காட்டுவேன். 1988-89இல் வந்த ஜப்பானியத் தொடர், ஆறே பாகம். ஹிடியாக்கி அன்னோ இயக்குநரானது இதில்தான். கண்டிப்பான பயிற்சியாளர், மூத்த தோழி எல்லாம் ‘ஏஸ் ஓ நெராயே’ என்ற டென்னிஸ் தொடரின் இரவல். ஜப்பானியத் தலைப்பில் ஹாலிவுட்டின் ‘டாப் கன்’னும் கலந்திருக்கிறது. முதல் பாகத்தில் ராட்சத இயந்திர மனிதர்கள் தண்டால் எடுக்கிறார்கள்!

ஆனால் ஐந்தாம் பாகத்தைப் பாருங்கள். ஒளிவேகத்தை நெருங்கிப் பறந்த நாயகி நோரிகோவுக்குச் சில மாதங்கள்தான் கழிந்திருக்கின்றன; பூமியிலோ பத்தாண்டு. பள்ளித் தோழி கிமிகோ அதற்குள் ஒரு பெண் குழந்தைக்குத் தாய். நோரிகோ இன்னும் சிறுமி. ஐன்ஸ்டீனின் கால வேறுபாட்டை இவ்வளவு வலிக்கச் சொன்ன படம் எனக்குத் தெரிந்து வேறில்லை. கடைசிப் பாகத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்து, முடிவில் மட்டும் வண்ணம் சேர்த்தது அன்னோவின் துணிச்சல்.