கழுகு சிவப்பா, கறுப்பா? பழைய பிஸ்டலின் பிடியில் ஒளிந்திருக்கும் சோகக் கதை!

நண்பன் செத்த துக்கத்தில் நிறம் மாறிய முத்திரை

"கழுகு என்ன கலர்?"

அமெரிக்காவில் பழைய துப்பாக்கி சேகரிக்கும் ஆசாமிகளிடம் "எங்கிட்ட ஒரு பழைய ரூகர் பிஸ்டல் இருக்கு" என்று சொன்னால், அவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

பிஸ்டலைக் கையில் கொடுத்தால், முதலில் உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது பழக்கம். அடுத்த விநாடி குழலையும் பார்க்க மாட்டார்கள், விசையையும் தொட மாட்டார்கள். இடது பக்கப் பிடியைத் திருப்புவார்கள். அங்கே ஒரு சின்ன வட்ட வில்லை. அதிலே சிறகு விரித்த ஒரு கழுகு.

கழுகு சிவப்பாக இருந்தால் முகம் மலரும். கறுப்பாக இருந்தால், "நல்ல பிஸ்டல்தான்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

இத்தனூண்டு சிவப்புக்கு ஏன் அவ்வளவு மவுசு? விவரம் வருமாறு:-

நொடித்துப்போன பட்டறை

பில் ரூகர் நியூயார்க் நகரத்து புரூக்ளினில் 1916-ல் பிறந்தவர். சின்ன வயசிலிருந்தே துப்பாக்கிப் பைத்தியம். சுடுவதைவிட, அது எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் ஆசை அதிகம்.

இரண்டாவது உலகப் போர் முடிந்ததும் கனெக்டிகட் மாநிலத்தில் சவுத்போர்ட் என்ற ஊரில் பட்டறை போட்டார். துப்பாக்கிப் பட்டறை அல்ல. தச்சு வேலைக்கான கருவிகள் செய்யும் பட்டறை.

சாமான் தரமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கேற்ற விலை கொடுக்க ஆள் இல்லை. பட்டறை நொடித்துப்போனது.

அந்தச் சமயத்தில் ரூகரிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு யோசனை. 1945-ல், போரிலிருந்து திரும்பிய ஒரு சிப்பாயிடமிருந்து ஜப்பானிய நம்பு பிஸ்டல் அவர் கைக்கு வந்திருந்தது. அதைப் பார்த்து வீட்டுக் கார் ஷெட்டிலேயே அதே மாதிரி இரண்டு செய்து பார்த்தார். அதை அவர் விற்கவில்லை. ஆனால் அதன் வேலைப்பாடு மனசில் பதிந்துவிட்டது.

யோசனை இருந்தது. பணம்?

பணக்கார வாலிபர்

அப்போதுதான் வந்து சேர்ந்தார் அலெக்சாண்டர் ஸ்டர்ம். யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஓவியர். புத்தகம் எழுதி, அதற்குப் படமும் தானே போட்டவர். பழைய ஆயுதங்கள் மீதும், ராஜ வம்சத்து முத்திரைகள் மீதும் தீராத மோகம்.

மனைவி பவுலினா லேசுப்பட்ட இடமல்ல. அமெரிக்க மாஜி ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் மகள் வயிற்றுப் பேத்தி!

ரூகர் தச்சுக் கருவி பற்றிப் பேசியிருந்தால் ஸ்டர்ம் கொட்டாவி விட்டிருப்பார். பிஸ்டல் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். 50 ஆயிரம் டாலர் போட்டார். 1949-ல் கம்பெனி பிறந்தது. பெயரில் பணம் போட்டவர் முன்னால், மூளை போட்டவர் பின்னால்: 'ஸ்டர்ம் ரூகர்'.

ஸ்டர்ம் பணத்தோடு நிற்கவில்லை. கம்பெனிக்கு ஒரு கழுகு முத்திரையைத் தன் கையாலேயே வரைந்து கொடுத்தார். பிடியில் பதித்த அந்தக் கழுகுக்குச் சிவப்பு வர்ணம்.

மலிவு விலை ரகசியம்

அந்தக் காலத்தில் குறி பார்த்துச் சுடுகிறவர்கள் விரும்பிய .22 பிஸ்டல் 'கோல்ட் உட்ஸ்மேன்'. 1915-லிருந்து வந்துகொண்டிருந்த சரக்கு. ஜான் பிரவுனிங் என்ற மேதை உருவாக்கியது. நயமான வேலை. விலையும் அப்படித்தான்.

ரூகர் போட்டிக்கு இறக்கிய பிஸ்டலின் விலை 37 டாலர் 50 சென்ட். "இந்த விலைக்கு எப்படிக் கட்டுபடியாகும்?" என்று வியாபாரிகளே வாய் பிளந்தார்கள்.

ரகசியம் இதுதான். மற்றவர்கள் பிடியை ஒரே இரும்புக் கட்டியிலிருந்து கடைந்து கடைந்து எடுத்தார்கள். நேரமும் கூலியும் எகிறியது. ரூகரோ இரண்டு தகடுகளை அச்சில் அழுத்தி, இரண்டு பாதி ஓடு மாதிரி செய்து, ஒட்டவைத்து வெல்டிங் அடித்துவிட்டார். மேல் பாகம் ஒரு உருண்டைக் குழாய். அதற்குள் முன்னும் பின்னும் ஓட ஒரு உருண்டைத் தண்டு. ஸ்பிரிங்குகள் கம்பியைச் சுற்றிச் செய்தவை.

மலிவு என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். குறி தவறாமைக்கும் இந்த அமைப்பே காரணம். பல பிஸ்டல்களில் சுட்டதும் மேல்மூடியே பின்னால் போய் வரும். அதோடு குறி பார்க்கும் பள்ளமும் போய் வரும். ரூகர் பிஸ்டலில் உள்தண்டு மட்டும்தான் ஓடும். குழலும், குறி பார்க்கும் மேடும் பள்ளமும் அசையாமல் அப்படியே நிற்கும்.

வெளித்தோற்றத்தில் ஜெர்மன் 'லூகர்' பிஸ்டலின் சாயல். பெயரும் லூகர்-ரூகர் என்று எதுகை மாதிரி அமைந்துவிட்டது. அதுவும் வியாபாரத்துக்கு உதவியது.

கருவாட்டுப் பெட்டி!

ஆரம்பத்தில் வந்த பிஸ்டல்களை மரப்பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். பார்க்க அது உப்பு மீன் அடைக்கும் பெட்டி மாதிரியே இருக்கும். சேகரிப்பவர்கள் இன்று வரை அதை 'உப்புமீன் பெட்டி' என்றே அழைக்கிறார்கள். நம்மூர் பாஷையில் கருவாட்டுப் பெட்டி.

வாங்கியவர்கள் பிஸ்டலை எடுத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கிப் போட்டார்கள். சிலர் ஆணி, திருகு போட்டு வைத்தார்கள். இன்று அந்தப் பெட்டியோடு பிஸ்டல் கிடைத்தால் யோகம்தான். மீன் வாசனை இல்லாத அந்தக் கருவாட்டுப் பெட்டிக்குத் தனி விலை!

திடீர் சாவு

வியாபாரம் சூடு பிடித்தது. அடுத்து, போட்டிகளுக்கென்றே நீளக் குழலும், திருகி நுட்பமாகச் சரிசெய்யக்கூடிய குறிப் பள்ளமும் வைத்து 'மார்க் ஒன்' என்ற இலக்குப் பிஸ்டலைக் கொண்டுவந்தார்கள். குழல் நீளம் மட்டும் 6 அங்குலம், முக்காலே அரைக்கால்.

இரண்டு பேருக்கும் நல்ல காலம் பிறந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

1951 நவம்பரில் அலெக்சாண்டர் ஸ்டர்ம் இறந்துபோனார். கல்லீரலைத் தாக்கிய நோய். அவருக்கு வயது 28.

கம்பெனி தொடங்கி மூன்று வருடம்கூட முழுசாக ஆகவில்லை. நொடித்துப்போன மனிதனை நம்பிப் பணம் போட்டவன், அந்தப் பணம் மரமாகிக் காய்ப்பதைப் பார்க்காமலே போய்விட்டான்.

ரூகர் சிலை வைக்கவில்லை. ஒன்றே ஒன்று செய்தார். நண்பன் வரைந்த கழுகிலிருந்து சிவப்பை எடுத்துவிட்டுக் கறுப்பு போடச் சொன்னார். துக்கத்துக்கு அடையாளம்.

அதனால்தான் இன்று அந்த மவுசு. சிவப்புக் கழுகு என்றால் இரண்டு நண்பர்களும் உயிரோடு இருந்தபோது பிறந்த பிஸ்டல். 1949 முதல் சுமார் இரண்டரை, மூன்று வருடச் சரக்கு மட்டுமே. கறுப்புக் கழுகோ அதற்குப் பிறகு லட்சக்கணக்கில் வந்தது. 1979-ல் பத்து லட்சத்தைத் தொட்டது!

50 கஜத்தில் ஒரு எலுமிச்சம்பழம்

அலமாரியில் வைத்து அழகு பார்க்க மட்டும் இதை வாங்கவில்லை. அமெரிக்காவில் 'புல்ஸ்ஐ' என்று ஒரு போட்டி. ஒற்றைக் கையால் நின்று சுட வேண்டும். மறு கை பாக்கெட்டில் கிடக்கலாம், பிஸ்டலைத் தொடக் கூடாது.

50 கஜ தூரத்தில் 10 நிமிடத்துக்குள் நிதானமாக 10 தோட்டா. பிறகு 25 கஜத்தில் 20 விநாடிக்குள் 5 தோட்டா. அதற்குப் பிறகு 10 விநாடிக்குள் 5 தோட்டா. இப்படி .22-ல் ஒரு சுற்று, அதைவிடப் பெரிய தோட்டாவில் ஒரு சுற்று, .45-ல் ஒரு சுற்று. மொத்தம் 2,700 மார்க்.

50 கஜத்தில் 10 மார்க் வட்டத்தின் குறுக்களவு 3.36 அங்குலம். அதன் நடுவே இருக்கும் உள்வட்டம் ஒரு எலுமிச்சம்பழம் அளவுதான். மூச்சு கொஞ்சம் பிசகினால் போச்சு.

விலை உயர்ந்த பிஸ்டல் வாங்க வசதியில்லாத சாதாரணத் தொழிலாளியும் குமாஸ்தாவும் இந்தப் போட்டிக்குள் நுழைய ரூகர் வழி திறந்துவிட்டது. அதுதான் அதன் பெருமை.

போலிகள் ஜாக்கிரதை

மவுசு இருக்கும் இடத்தில் தில்லுமுல்லும் இருக்கும். கழுகு வில்லை இருப்பது பிடியின் பக்கத் தட்டில். திருகைக் கழற்றினால் தட்டு கையோடு வந்துவிடும். 1960-ல் செய்த பிஸ்டலில் சிவப்புக் கழுகுத் தட்டை மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

அதனால் விஷயம் தெரிந்தவர்கள் கழுகைப் பார்த்து ஏமாற மாட்டார்கள். உடலில் பொறித்த வரிசை எண்ணைப் பார்த்து, எந்த வருடச் சரக்கு என்று ஒத்துப் பார்ப்பார்கள். எண்ணும் கழுகும் ஒத்துப்போனால்தான் பணம் கை மாறும்.

இன்னொரு தப்பும் அடிக்கடி நடக்கும். அப்பா காலத்துப் பிஸ்டல் தேய்ந்து கிடக்கிறதே என்று மகன் ஆசையாகப் புது மெருகு ஏற்றுவான். பளபளவென்று கொண்டுபோய்க் காட்டுவான். "அடப்பாவி, கெடுத்துட்டியே!" என்று தலையில் அடித்துக்கொள்வார் சேகரிப்பவர். பழைய வெண்கலப் பாத்திரத்துக்கு வர்ணம் அடித்த கதைதான். தேய்மானமே அதன் ஜாதகம்.

பிரித்தால் போச்சு!

இந்தப் பிஸ்டலுக்கு ஒரு பொல்லாத பெயரும் உண்டு. சுத்தம் செய்யப் பிரிப்பது ஒரு பாடு. மறுபடி பூட்டுவது பெரும்பாடு. உள்ளே ஒரு சின்னத் தண்டு இருக்கிறது. அது சரியான இடத்தில் உட்காராவிட்டால் பின்பக்கம் மூடாது, உள்தண்டு அசையாது. பிஸ்டலைத் துண்டு துண்டாகக் காகிதப் பையில் போட்டுக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போன கதைகள் அங்கே ஏராளம்.

கம்பெனியே அதைப் புரிந்துகொண்டது. 2016-ல் வந்த 'மார்க் நான்கு' பிஸ்டலில் ஒரு பொத்தானை அழுத்தினால் மேல்பாகம் கழன்றுவிடும்.

பழைய பிஸ்டலில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. மேகசினில் 9 தோட்டா. கடைசித் தோட்டா வெடித்த பிறகு உள்தண்டு திறந்து நிற்காது. மூடிக்கொள்ளும். காலியா, இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது. 1982-ல் வந்த 'மார்க் இரண்டு' பிஸ்டலில்தான் அந்தக் குறை தீர்ந்தது. எனவே பழசு வைத்திருப்பவர்கள் மேகசினைக் கழற்றி, உள்தண்டை இழுத்து, கண்ணால் பார்த்த பிறகே கீழே வைப்பார்கள். எவ்வளவு அழகான பழம்பொருளாக இருந்தாலும் அது ஆள் கொல்லும் சாமான்.

நம்மூரில் முடியுமா?

அமெரிக்க மத்திய சட்டப்படி 50 வருடம் தாண்டிய துப்பாக்கிகளைச் சேகரிக்கத் தனி லைசென்ஸ் உண்டு. 3 வருடத்துக்கு 30 டாலர். வாங்கியது, விற்றது எல்லாம் பேரேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

நம் நாட்டில் அந்தப் பேச்சே இல்லை. 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் கட்டாயம். சென்னையில் போலீஸ் கமிஷனரிடமும், மாவட்டங்களில் கலெக்டரிடமும் மனு போட வேண்டும். ஒருவர் 3 துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று இருந்ததை 2019 டிசம்பரில் 2 ஆகக் குறைத்துவிட்டார்கள். விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் தனிச் சலுகை.

தாத்தா பெட்டியில் பழைய பிஸ்டல் கிடைத்தால், "நம்ம சொத்துதானே" என்று பரண்மேல் போட்டு வைக்க முடியாது. வாரிசுக்கும் அவர் பெயரில் லைசென்ஸ் வேண்டும். இல்லாவிட்டால் போலீசில் ஒப்படைக்க வேண்டும். மறைத்து வைத்தால் கம்பி எண்ண நேரிடும்.

திரும்பி வந்த சிவப்பு

பில் ரூகர் கோடீசுவரர் ஆனார். நண்பனுக்குப் பிறகு அரை நூற்றாண்டு வாழ்ந்தார். 1999-ல் முதல் பிஸ்டலின் பொன்விழாவுக்காக ஒரு சிறப்புப் பிஸ்டல் செய்தார்கள். அதன் பிடியில் மறுபடி சிவப்புக் கழுகு!

2002-ல், தனது 86-வது வயதில் ரூகர் காலமானார்.

கம்பெனி இன்றும் நடக்கிறது. பிஸ்டலின் மேலே பெரிய எழுத்தில் இருப்பது 'ரூகர்'. கடையில் கேட்பவர்களும் "ஒரு ரூகர் கொடுங்க" என்றுதான் கேட்பார்கள். ஆனால் பதிவுப் பத்திரத்தில் பெயரை மாற்றவே இல்லை. மூன்று வருடம்கூட இருந்து பார்க்காத அந்த 28 வயது வாலிபர் பெயர்தான் இன்னமும் முதலில் நிற்கிறது.