கப்பலேறிய ஓட்டப் பயிற்சி

நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு விடுமுறை என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். மாதக் கணக்கில் விடியற்காலையில் எழுந்து சேர்த்த மூச்சும் கால்பலமும் ஒரே வாரத்தில் போய்விடுமோ என்ற பயம்தான். நான் செங்கல்பட்டில் உடற்கல்வி ஆசிரியை. கொளவாய் ஏரிப் பக்கம் காலையில் என்னோடு ஓட வருகிறவர்களில் வங்கி ஊழியர் உண்டு, மளிகைக் கடைக்காரர் உண்டு, கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. பண்டிகை நெருங்கினால் எல்லாருக்கும் ஒரே கேள்வி: "டீச்சர், ஊருக்குப் போயிட்டு வந்தா மறுபடி முதல்லேர்ந்தா?"

இல்லவே இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அதை என் உடம்பிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு, காலாண்டு விடுமுறையில் மகளும் மாப்பிள்ளையும் கப்பல் சுற்றுலாவுக்கு டிக்கெட் போட்டபோது வந்தது. சென்னைத் துறைமுகத்தில் ஏறி, ஐந்து இரவு கடலில் கழித்துத் திரும்புகிற பயணம். ஜனவரியில் சென்னை மாரத்தானில் 21.1 கிலோமீட்டர் ஓடுவதற்காக அப்போது பயிற்சியில் இருந்தேன்.

நம் தாத்தாக்கள் காலத்தில் கப்பல் என்றால் பிழைப்புக்குப் போவது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன ரஜூலாவில் ஓடுவதாவது, காலை நீட்டிப் படுக்க இடம் கிடைத்தாலே பெரிது. இப்போது காலம் மாறிவிட்டது. 2022 ஜூனில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சென்னையில் 'எம்ப்ரஸ்' சுற்றுலாக் கப்பலைக் கொடியசைத்துத் தொடங்கிவைத்த பிறகு, நடுத்தரக் குடும்பங்களும் கப்பல் விடுமுறையைப் பற்றிப் பேசத் தொடங்கின. ஓடுகிறவர்களும் அந்தக் குடும்பங்களில்தானே இருக்கிறோம்!

எது போகும், எது நிற்கும்?

பயிற்சியை அடியோடு நிறுத்தினால் முதலில் குறைவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, அதாவது பிளாஸ்மா. அது குறைந்தால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தம் குறைகிறது. அதே வேகத்தில் ஓட இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு வாரம் கழித்து ஓடும்போது 'என்ன இப்படி மூச்சு வாங்குது' என்று தோன்றுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். திரும்பப் பயிற்சி தொடங்கினால் இது சீக்கிரமே சரியாகிவிடும்.

அடுத்தது, உடம்பு உச்சபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்ற அளவு. நெடுந்தூர ஓட்டத்துக்கு இதுதான் முதலீடு. அமெரிக்க ஆய்வாளர் எட்வர்ட் காயிலும் அவர் குழுவினரும் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், நன்றாகப் பயிற்சி பெற்றவர்களை முழுக்க நிறுத்தச் சொல்லி அளந்தார்கள். 21 நாளில் சுமார் 7 சதவீதம் குறைந்தது; 56 நாளில் 16 சதவீதம். மூன்று வாரம் சும்மா இருந்தவர்களுக்கே இவ்வளவுதான் என்றால், ஐந்து நாளுக்கு அலற என்ன இருக்கிறது?

அதைவிட உதவியானது, இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹிக்சன் 1980-களில் செய்த தொடர் ஆய்வு. வாரம் ஆறு நாள், தினம் 40 நிமிடம் என்று பத்து வாரம் கடுமையாகப் பயிற்சி கொடுத்தார். பிறகு பதினைந்து வாரத்துக்கு ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்தார். ஆறு நாளை இரண்டு நாளாக்கினாலும் அந்த ஆக்சிஜன் அளவு இறங்கவில்லை. 40 நிமிடத்தை 26 ஆகவோ 13 ஆகவோ குறைத்தாலும் இறங்கவில்லை. 13 நிமிடக்காரர்களுக்கு மட்டும் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் திறன் ஓரளவு குறைந்தது. ஆனால் நாளையும் நேரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு பயிற்சியின் கடுமையைக் குறைத்தபோது ஆக்சிஜன் அளவும் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் திறனும் இறங்கின.

இதிலிருந்து விடுமுறைக்கு ஒரே விதி கிடைக்கிறது. குழம்பின் அளவைக் குறைக்கலாம், காரத்தைக் குறைக்கக் கூடாது. தினமும் ஒரு மணி நேரம் அரைமனதாகக் கப்பலைச் சுற்றி வருவதைவிட, இரண்டே நாள், அரை மணி நேரம், மூச்சு முட்ட உழைப்பது மேல்.

மேல்தளத்தில் ஓடினால்

கப்பலில் ஓடுவதற்கென்று ஒதுக்கிய தளம் பெரும்பாலும் உண்டு. ஆனால் சுற்று சிறியது. 345 மீட்டர் நீளமுள்ள 'குயின் மேரி 2' போன்ற பெருங்கப்பலில் நடைத்தளத்தை மூன்று முறை சுற்றினால் சுமார் 1.8 கிலோமீட்டர். நம் 'எம்ப்ரஸ்' நீளமே சுமார் 210 மீட்டர்தான். மேலே போகப் போக நீச்சல்குளமும் நாற்காலிகளும் இடத்தை அடைத்துக்கொள்ள, சுற்று இன்னும் சுருங்கும்.

இடம் போதவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2007 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் நடந்த அன்று, சுனிதா வில்லியம்ஸ் விண்வெளி நிலையத்தில் டிரெட்மில்லோடு தன்னைப் பட்டைகளால் கட்டிக்கொண்டு 4 மணி 24 நிமிடத்தில் 42 கிலோமீட்டரை முடித்தார். 2020 மார்ச் ஊரடங்கில் பிரான்ஸ் நாட்டு எலிஷா நொகோமோவிட்ஸ், துலூஸ் நகரத்துக்குப் பக்கத்தில் தன் வீட்டின் ஏழு மீட்டர் பால்கனியிலேயே முழு மாரத்தான் ஓடினார். அவர்களுக்கு முன்னால் கப்பல் மேல்தளம் மெரினா கடற்கரை மாதிரி.

சின்னச் சுற்றில் கவனிக்க வேண்டியவை இவை. ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி ஓடினால் முழங்காலும் இடுப்பும் வலிக்கலாம். சில சுற்றுக்கு ஒருமுறை திசையை மாற்றுங்கள். விடியற்காலையில் தளத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவுவார்கள், வழுக்கும். சில இடங்களில் தளத்துக்கு நேர் கீழே அறைகள் இருக்கும்; நம் காலடி அங்கே தூங்குகிறவர் தலையில் இடிக்கும். அதனால்தான் ஓட நேரம் குறித்துப் பலகை வைக்கிறார்கள். அதை மதிக்க வேண்டும்.

காற்றும் கணக்கில் வரும். கப்பல் 15 நாட் வேகத்தில் போனால் மணிக்கு 28 கிலோமீட்டர். காற்றே இல்லாத நாளிலும் முன்பக்கம் பார்த்து ஓடும்போது நம் வேகமும் சேர்ந்து முகத்தில் 35 கிலோமீட்டருக்கு மேல் அடிக்கும். திரும்பி ஓடினால் அதே காற்று முதுகைத் தள்ளும்.

கைக்கடிகாரத்தை நம்பாதீர்கள். சென்னையை விட்டுத் தெற்கே இரண்டு மணி நேரம் போனதும் கரையில் மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் விட்டு விட்டு மின்னியது. அதற்கு அந்தப் பக்கம்தான் நான் ஞாயிறுதோறும் ஓடும் கிழக்குக் கடற்கரைச் சாலை. உற்சாகத்தில் நாலு சுற்று ஓடிவிட்டு மணிக்கட்டைப் பார்த்தால், ஒரு கிலோமீட்டரை இரண்டே நிமிடத்தில் ஓடியதாகக் காட்டுகிறது! 2023-ல் சிகாகோ மாரத்தானை 2 மணி 35 விநாடியில் முடித்த கெல்வின் கிப்டமுக்கே கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 51 விநாடி ஆனது. பேரன் விடுவானா? "ஆயா, நீதான் உலக ரெக்கார்டு!" என்று கப்பல் முழுக்கத் தண்டோரா போட்டான். விஷயம் இதுதான்: செயற்கைக்கோள் கப்பலின் ஓட்டத்தையும் சேர்த்தே அளக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அதே வேகத்தைத்தான் காட்டும். அறைக்குள் ஓடுவதற்கான அமைப்புக்கு மாற்றிவிட்டால் அது கையசைவை வைத்துக் கணக்கிடும். அதைவிட நம்பகமானது நம் மூச்சு. முழு வாக்கியம் பேச முடிந்தால் இலகு ஓட்டம். ஒரு சொல்லுக்கு மேல் வரவில்லை என்றால் கடும் ஓட்டம்.

படிக்கட்டுதான் பொக்கிஷம்

எனக்குப் படி புதிதல்ல. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் திருக்கழுக்குன்றம். வேதகிரீஸ்வரர் மலைக்கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். வெயில் ஏறுமுன் அங்கே ஏறினால் சாமி கும்பிட்டதும் ஆயிற்று, தொடைக்கும் நுரையீரலுக்கும் வேலை கொடுத்ததும் ஆயிற்று.

கப்பலிலும் அதையே செய்தேன். நடுப்பகுதிப் படிக்கட்டில், மூன்றாம் தளத்திலிருந்து பத்தாம் தளம் வரை. தளத்துக்குச் சுமார் மூன்று மீட்டர் என்றால் ஒரு ஏற்றம் இருபது மீட்டர் உயரம். பத்து முறை ஏறினால் இருநூறு மீட்டர். ஏறும்போது முழு பலம், கைப்பிடிக்குப் பக்கத்திலேயே. இறங்கும்போது நிதானம். முழங்கால் தொந்தரவு உள்ளவர்கள் லிஃப்டில் இறங்கிவிடலாம், ஏற்றத்தின் பலன் குறையாது. எல்லாரும் காலைச் சாப்பாட்டுக்குப் போகும் நேரத்துக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். ஆட்கள் நடமாடும்போது படியில் ஓடுவது ஆபத்து.

கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்த தூத்துக்குடித் தம்பி ஒருவர் நான் கடந்து போவதைச் சில முறை பார்த்துவிட்டுக் கவலையோடு கேட்டார்: "லிஃப்ட் நல்லாத்தானம்மா ஓடுது?"

"லிஃப்ட் ஓடுது தம்பி. நானும் ஓடணும்ல?"

மறுநாள் அவரே, "இன்னைக்கு எத்தனை ரவுண்டும்மா?" என்று விசாரித்தார்.

கடல் கொஞ்சம் எழும்பினால் உடற்பயிற்சிக்கூடம்தான் கதி. அது பல கப்பல்களில் உச்சியில், முன்பக்கமாக இருக்கும். பார்க்க அழகு, ஆனால் ஆட்டமும் அங்கேதான் அதிகம். நடுப்பகுதியிலும் கீழ்த்தளத்திலும் ஆட்டம் குறைவு. கப்பலின் இருபுறமும் தண்ணீருக்குள் நீட்டியிருக்கும் இறக்கைகள் பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் அடக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அவ்வளவாக அடக்காது. அந்த நேரத்தில் டிரெட்மில் பட்டை ஒரு நொடி மேடு, மறு நொடி பள்ளம். பாதுகாப்புக் கயிற்றின் கிளிப்பைச் சட்டையில் மாட்டாமல் ஏறவே கூடாது. இன்னும் ஆடினால் நின்ற இடத்துச் சைக்கிள் போதும். ஐந்து நிமிடம் உடம்பைச் சூடேற்றி, நான்கு நிமிடம் கடுமையாகவும் மூன்று நிமிடம் இலகுவாகவும் நான்கு முறை மாற்றி மாற்றி மிதித்தால், மாரத்தான்காரருக்கும் நாக்கு தள்ளும். குமட்டல் இருந்தால் இதெல்லாம் வேண்டாம். வாந்தியில் நீரும் உப்பும் போன உடம்பை மேலும் வதைக்கக் கூடாது.

ஏ.சி.யும் பந்தியும்

நம் ஊர்க்காரர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு. செங்கல்பட்டுப் புழுக்கத்தில் ஓடி ஓடி நம் உடம்பு வெப்பத்துக்குப் பழகியிருக்கிறது: வியர்வை சீக்கிரம் வரும், நிறைய வரும், அதில் உப்பு குறைவாக இருக்கும். இந்தப் பழக்கம் உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். வெப்பமே படாமல் இருந்தால் சில வாரங்களில் மறையும். ஆகவே ஏதாவது ஒரு நாளாவது ஏ.சி. கூடத்தை விட்டுத் திறந்த தளத்தில் வியர்க்க விறுவிறுக்க ஓடுங்கள்.

சாப்பாடு விடியலிலிருந்து நள்ளிரவு வரை பரப்பி வைத்திருப்பார்கள். தின்றதற்குத் தண்டனையாக ஓடுவதும், ஓடப்போகிறோம் என்று அள்ளிப் போட்டுக்கொள்வதும் இரண்டுமே வேண்டாத வேலை. பயிற்சி பாதியாகும்போது வழக்கமான அளவே தாராளம். தண்ணீரை மட்டும் கேட்டுக் கேட்டுக் குடியுங்கள்.

குடும்பத்தோடு போயிருக்கிறோம் என்பதும் முக்கியம். "நீ ஓடினா கப்பல் சீக்கிரம் போய்ச் சேருமா?" என்று கேலி செய்த எங்கள் வீட்டுக்காரர், நான் பயிற்சியை முடித்துக் குளித்துக் காபிக்கு வந்து உட்கார்ந்த பிறகே பெரும்பாலும் எழுந்தார். அதனால் சண்டைக்கு வழியில்லாமல் போனது. பேரனுக்குப் பகல் முழுக்க நான் கிடைத்தேன்.

ஐந்து நாளுக்கு என் சிபாரிசு இது: ஏறும் நாள் ஓய்வு. மறுநாள் படிக்கட்டு. அடுத்த நாள் கரையில் இறங்கினால் ஊர் சுற்றும் நடையே போதும். நான்காம் நாள் சைக்கிளோ டிரெட்மில்லோ, கடுமையாக. கடைசி நாள் மேல்தளத்தில் இலகு ஓட்டம். இதயக் கோளாறு, சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும், இதுவரை ஓடிப் பழகாதவர்களும் மருத்துவரைக் கேட்காமல் கடும் பயிற்சியைத் தொடக் கூடாது.

திரும்பிய பிறகு ஓரிரு நாள் தரையே ஆடுவது போல இருக்கலாம். கடலுக்குப் பழகிய மூளை நிலத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் அவகாசம் அது; பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அது தீரும்வரை லாரியும் காரும் பறக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் இருட்டில் போக வேண்டாம். ஏரிக்கரையோ பள்ளி மைதானமோ போதும். நான் அப்படித்தான் செய்தேன். அடுத்த ஞாயிறு மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை வரை வழக்கமான வேகத்திலேயே ஓட முடிந்தது.

ஆகவே ஓடுகிறவர்களே, வீட்டில் டிக்கெட் போட்டால் முகத்தைச் சுளிக்காமல் கிளம்புங்கள். பையில் ஒரு ஜோடி ஷூ இருக்கட்டும். வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம், கடுமையாக உழையுங்கள். மீதி நேரமெல்லாம் உங்களை அழைத்துக்கொண்டு போனவர்களுக்கு உரியது.