புகை விடும் கார் முந்துமா?



தொலைக்காட்சியில் கார் பந்தயம் பார்த்திருப்பீர்கள். ஒரு கார் வளைவில் வாலை வீசி, டயர் கிறீச்சிட, புகையைக் கிளப்பிக்கொண்டு போகும். பின்னாலேயே இன்னொரு கார், சத்தமில்லாமல் வழவழவென்று திரும்பிப் போய்விடும். இரண்டில் எது வேகம்? "புகை விட்ட கார்தான்" என்று சட்டென்று சொல்லாமல் யோசிக்கிறீர்கள், பாருங்கள். அதற்கே ஒரு சபாஷ்!

முதலில் ஒரு சோதனை. பென்சில் பெட்டியிலிருந்து அழிரப்பரை எடுங்கள். மேசைமேல் நிற்க வைத்து, விரலால் அழுத்தியபடி மெதுவாகப் பக்கவாட்டில் தள்ளுங்கள். உடனே நகர்கிறதா? இல்லை. அடிப்பக்கம் மேசையைப் பற்றிக்கொள்கிறது, மேல்பக்கம் சாய்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். அடியில் ஒரு ஓரம் மட்டும் லேசாக நழுவும். அதற்கும் மேல் தள்ளினால், சர்ரென்று மொத்தமாக வழுக்கிவிடும். வழுக்கத் தொடங்கியதும் தள்ளுவது சுலபமாகிவிட்டதே, கவனித்தீர்களா? பிடி விட்டுப்போச்சு!

கார் டயரிலும் இதுதான் நடக்கிறது. ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவுதான். வளைவில் அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு, ஓரத்தில் மட்டும் லேசாக நழுவும். அதனால் சக்கரம் பார்க்கும் திசை ஒன்று, கார் போகும் திசை இன்னொன்று. நடுவில் சில டிகிரி வித்தியாசம். இதற்கு வழுக்குக் கோணம் என்று பெயர். அந்தச் சில டிகிரியில்தான் பிடிமானம் உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் பிடி குறைந்துகொண்டே போகும்.

அப்படியானால், வழவழவென்று ஓட்டுபவரும் கொஞ்சம் வழுக்கிக்கொண்டுதான் போகிறார்! நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். புரிகிறதா? புரியாவிட்டால் அழிரப்பரை இன்னொரு முறை தள்ளிப் பாருங்கள். அவசரமே இல்லை.

இப்போது கணக்கு. 100 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவு. டயரின் பிடிமானம் காரின் எடைக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஐ ஆரமான 100-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்கு 31.3 மீட்டர் வரும். அதாவது மணிக்கு சுமார் 113 கிலோமீட்டர். அதிகமாக வழுக்கியதில் பிடிமானம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால்? மணிக்கு 107 கிலோமீட்டர்தான் போக முடியும். கால்வட்டம் திரும்ப முதல் காருக்கு 5.0 நொடி. இரண்டாவதற்கு 5.3 நொடி.

"வெறும் 0.3 நொடிதானே" என்கிறீர்களா? 1997-இல் ஸ்பெயினின் ஹெரெஸ் தடத்தில் ஃபார்முலா ஒன் தகுதிச் சுற்று நடந்தது. ஜாக் வில்நெவ், ஷூமாக்கர், ஃப்ரென்ட்சன் மூவரும் எடுத்த நேரம் அச்சு அசலாக ஒன்றே: 1 நிமிடம் 21.072 நொடி. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வித்தியாசமில்லை! அங்கே ஒரே வளைவில் 0.3 நொடியை விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும்?

நஷ்டம் வளைவோடு முடிவதும் இல்லை. டயரின் பிடிமானம் என்பது, பள்ளி வாசல் கடையில் நிற்கும்போது உங்கள் சட்டைப்பையில் இருக்கும் பத்து ரூபாய். மாங்காய்க் கீற்றுக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் கடலை மிட்டாய்க்கு மிச்சமிருக்காது. பக்கவாட்டில் சறுக்குவதற்கே டயர் தன் பிடியெல்லாம் செலவழித்துவிட்டால், முன்னால் பாய எதை வைத்துப் பாயும்? வளைவைவிட்டு மெதுவாக வெளியேறும் கார், அடுத்த நேர்ச்சாலை நெடுகவும் பின்தங்கியே ஓடும். (டயர் கடைக்காரர் நல்லவர். 6 ரூபாய்க்குப் பிரேக், 8 ரூபாய்க்குத் திருப்பம் இரண்டையும் பத்து ரூபாய்க்கே தருவார்! 36-உம் 64-உம் கூட்டினால் 100. பிதாகரஸ் தேற்றம் படித்த அண்ணன், அக்காவிடம் கேளுங்கள்.)

அப்புறம் அந்தப் புகை. அது சூட்டில் கருகும் ரப்பர். அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? காரின் வேகத்திலிருந்துதான். வேகத்தைச் செலவழித்து டயரைத் தேய்ப்பது நல்ல வியாபாரமா, நீங்களே சொல்லுங்கள்.

பிரான்சின் அலன் ப்ரோஸ்ட் ஓட்டும்போது, பார்ப்பவர்களுக்கு அவர் வேகமாகப் போவதாகவே தோன்றாதாம். 'பேராசிரியர்' என்று பட்டப்பெயர். நான்கு முறை உலக சாம்பியன்! ஜாக்கின் அப்பா ஜில் வில்நெவ் நேர் எதிர். 1979-இல் டிஜோன் தடத்தில் அவரும் ரெனே ஆர்னூவும் சறுக்கிக்கொண்டும் சக்கரத்தோடு சக்கரம் இடித்துக்கொண்டும் போட்ட சண்டையை இன்றும் பேசுகிறார்கள். எனக்கும் அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் அது இரண்டாம் இடத்துக்கான சண்டை. ஜபூய் என்பவர் 14 நொடிக்கும் மேல் முன்னால் போய் ஜெயித்துவிட்டார்.

ஐம்பதுகளில் ஐந்து முறை சாம்பியனான ஃபான்ஜியோ நான்கு சக்கரமும் சறுக்கத்தானே ஓட்டினார் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! அந்தக் காலத்து டயர் பெரிய கோணத்தில்தான் முழுப் பிடியையும் கொடுத்தது. டயர் மாறியது, ஓட்டும் முறையும் மாறியது.

சரளைக்கல் சாலையில் கதையே வேறு. சறுக்கும் சக்கரத்தின் பக்கவாட்டில் கல்லும் மண்ணும் குவிந்து முட்டுக் கொடுக்கும். அதனால் ராலி ஓட்டுநர்கள் வேண்டுமென்றே காரைப் பக்கவாட்டில் திருப்புவார்கள். அங்கேயும் அளவு உண்டு. 2004 முதல் 2012 வரை தொடர்ந்து ஒன்பது முறை உலக ராலி பட்டம் வென்ற செபாஸ்டியன் லோப், வீண் ஆட்டம் இல்லாமல் சிக்கனமாக ஓட்டுவதற்குப் பேர்போனவர்.

தெருவில் சைக்கிளைச் சறுக்கிப் பார்க்கக் கூடாது. முழங்கால் உங்களுடையது!

உங்களுக்கு ஒரு கணக்கு தருகிறேன். மழை பெய்து, அந்த 100 மீட்டர் வளைவில் பிடிமானம் சரிபாதியாகிவிட்டது. வேகமும் பாதியாகுமா? வர்க்கமூலத்தை மறந்துவிடாமல் போட்டுப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வந்தால், உங்கள் விடை சரி.