துடுப்பு மீன்: ஆழ்கடலின் அரிய விருந்தாளி

1803-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் மீன்களைப் பற்றிய நூலொன்று வெளியாயிற்று. விசாகப்பட்டினத்தில் சேகரிக்கப்பெற்ற இருநூறு மீன்களின் விவரங்களும் படங்களும் அதில் இடம் பெற்றிருந்தன. அதனை இயற்றியவர் பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் மருத்துவர். அம்மீன்களுள் ஒன்று நாடாவைப் போன்று நீண்டது. 1816-இல் பிரெஞ்சு விலங்கியலறிஞர் குவியே, ரஸ்ஸல் அளித்த சித்திரத்தை ஆதாரமாகக் கொண்டு அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். ரஸ்ஸலின் பெயரையும் அதில் சேர்த்தார். ரெகாலெகஸ் ரஸ்ஸெலி என இன்று வழங்கும் துடுப்பு மீன் இதுவே. கரையில் கிடைத்த ஓர் உடலைக் கவனமாகக் குறித்து வைத்ததனால் விளைந்த பயன் இது.

உடலமைப்பு

இம்மீனின் உடல் பக்கவாட்டில் தட்டையானது. வெள்ளியைப் போன்று பளபளப்பது. செதில்கள் இல்லை; அவற்றிற்குப் பதிலாகத் தோலில் சிறு முடிச்சுகள் உள்ளன. தலை முதல் உடலின் பின்கோடி வரை செந்நிற முதுகுச் செட்டை ஓடுகிறது. அதன் முன்கதிர்கள் நீண்டு, தலைமீது கொண்டை போல் நிற்கின்றன. வயிற்றுச் செட்டை ஒவ்வொன்றும் ஒரே ஒரு நீண்ட கதிராகச் சுருங்கியுள்ளது. அதன் நுனி படகின் துடுப்பைப் போன்று அகன்றிருப்பதே பெயருக்குக் காரணமென்பர். காற்றுப்பையும் பற்களும் இல்லை. வாய் முன்னோக்கி நீளும் தன்மையது. கிரில் முதலிய சிறு கூனிகளை நீரோடு உள்ளிழுத்துச் செவுள் முட்களால் வடித்து உண்ணுகிறது.

இதற்கு நெருங்கிய இனமான ரெகாலெகஸ் கிளெஸ்னே ஏறத்தாழ 8 மீட்டர் வரை வளரும். எலும்பு மீன்களுள் இதுவே மிக நீளமானது.

பெரிய மீன்களிற் பெரும்பாலானவற்றிற்கு வாலின் நுனி இருப்பதில்லை. வெட்டுண்ட இடம் ஆறி மழுங்கியிருக்கும். இம்மீன் தன் பின்னுடலின் ஒரு பகுதியைத் தானே துறந்துவிடக்கூடும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். இன்றியமையாத உறுப்புகள் முன்பகுதியில் அமைந்திருப்பதால் இவ்விழப்பு உயிரைப் பறிப்பதில்லை.

வாழிடமும் இயக்கமும்

வெப்பக் கடல்களிலும் மிதவெப்பக் கடல்களிலும், சூரிய ஒளி மங்கும் இடைநீரில், ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழம் வரை இது வாழ்கிறது. உயிருடன் இதனைக் கண்டவர் மிகச் சிலரே. 2008 முதல் 2011 வரை, மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்ப் பணிகளுக்கென இறக்கப்பட்ட ஆளில்லா நீர்மூழ்கிகளின் காமிராக்கள் ஐந்து முறை இதனைப் படம் பிடித்தன. மீன் தலையை மேலே வைத்துச் செங்குத்தாக நின்றது. உடலை வளைக்காமல், முதுகுச் செட்டையை மட்டும் அலைபோல் அசைத்து நகர்ந்தது. கரையில் பாம்பெனத் தோன்றும் இவ்வுடல், ஆழத்தில் நேரான கம்பமாக நிற்கிறது.

கரையில் காணும்போது

நோயுற்றோ காயமுற்றோ இறக்கும் தறுவாயிலோதான் இம்மீன் பொதுவாகக் கரையை அடைகிறது. ஜப்பானில் இதன் வரவு பூகம்பத்திற்கு அறிகுறி என்ற நம்பிக்கை உண்டு. 1928 முதல் 2011 வரை ஆழ்கடல் மீன்கள் தென்பட்ட 336 நிகழ்ச்சிகளை, 221 நிலநடுக்கங்களுடன் அந்நாட்டு ஆய்வாளர் ஒப்பிட்டனர். 2019-இல் வெளியான முடிவின்படி, பொருந்தி வந்தது ஒரே ஒரு நிகழ்ச்சிதான். ஆகவே இம்மீனைக் கண்டு கடலோர மக்கள் அஞ்ச வேண்டுவதில்லை. ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு எடுத்துரைத்தல் நலம்.

களப்பணியாளர் முதலில் இதனைச் சாவாளையினின்று பிரித்தறிதல் வேண்டும். சாவாளைக்குக் கூரிய பற்கள் உண்டு, வயிற்றுச் செட்டை இல்லை. துடுப்பு மீனின் நிலை இதற்கு நேர்மாறானது. பின்னர், துண்டாக்கப்படுமுன் முழு நீளத்தை அளந்து, வால் முழுமையானதா, ஆறிய முனையா என்று குறித்துக்கொள்க. முதுகுச் செட்டையின் கதிர்களை எண்ணுக. இனத்தைத் துணிய அது உதவும். இடம், நாள், கடலின் நிலை ஆகியவற்றை எழுதிப் படமெடுத்து, உடலைப் பனிக்கட்டியிலிட்டு, அருகிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையக் கிளைக்கோ இந்திய விலங்கியல் ஆய்வகக் கிளைக்கோ தெரிவிக்கலாம். ஆழத்தைச் சென்று காணும் வாய்ப்பு சிலருக்கே உரியது. கரைக்கு வந்ததைச் செவ்வனே குறித்து வைக்கும் வாய்ப்போ கடலோரத்தில் பணிபுரியும் அனைவர்க்கும் உண்டு.