சுருவில் மட்டியும் ஒரு பிணைப்பும்

ஊர்காவற்றுறைப் பக்கம் சுருவிலில் வாப்பாவின் பழைய கூட்டாளி வீட்டுக்குப் போயிருந்தேன். மட்டி அவிந்துகொண்டிருந்தது. அவர் கேட்டார்: "தம்பி, மட்டிக்குள்ள பொசுபோனேற்று இருக்காம். கிளைபோசேற்றும் அந்த இனம்தானே? பிள்ளையளுக்குக் குடுக்கலாமோ?"

பயத்தில் நியாயம் உண்டு. கிளைபோசேற்று, 2015இல் இலங்கை தடை செய்த களைகொல்லி. ஆனால் மட்டியில் இருப்பது வேறு.

நம் உடற்கலங்களின் சவ்வு பெரும்பாலும் பொசுபோலிப்பிட்டால் ஆனது. அதில் பொசுபரசும் காபனும் நேரே தொடுவதில்லை. நடுவே ஓர் ஒட்சிசன். நொதியங்கள் அந்த இடத்தில்தான் வெட்டும். பொசுபோனேற்றில் அந்த நடு ஆள் இல்லை. பொசுபரசு காபனை நேரே பிடித்திருக்கும். வழக்கமான நொதியம் அங்கே வெட்டாது.

உழ்ஹிய்யா கொடுக்கும் செம்மறியின் முதல் இரைப்பையில் எண்ணற்ற ஒருகல உயிர்கள் வாழ்கின்றன. 1959இல் ஜப்பானியரான ஹொரிகுச்சியும் கண்டாட்சுவும் இப்படியொரு பொருளை அவற்றில் கண்டு சிலியாட்டின் எனப் பெயரிட்டனர். பிறகு கடற்சாமந்தி, மட்டி, சிப்பி இனங்களின் சவ்வுக் கொழுப்பிலும் அது கிடைத்தது. மனிதர் ஆய்வுகூடத்தில் மட்டும் செய்வது என்று நினைத்த பிணைப்பு, உயிர்களுக்குள் முன்பே இருந்தது.

கிளைபோசேற்று செடியைக் கொல்வது இந்தப் பிணைப்பு இருப்பதால் மட்டுமல்ல. அதன் முழு வடிவமும் செடியின் ஒரு நொதியத்தை அடைப்பதால். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் பொஸ்போமைசினும் மண் பக்டீரியா செய்யும் பொசுபோனேற்றுத்தான். ஒரே பிணைப்பு, ஒன்று களைகொல்லி, ஒன்று மருந்து, ஒன்று உணவுக்குள்.

"அப்ப பேர் ஒண்டா இருந்தாலும் குணம் வேற," என்றார் அவர். பிள்ளைகளுக்கும் கோப்பை வந்தது.