கார்ட்டூன் படம்தானே என்று விட்டுவிடலாமா?

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் பிள்ளைகளைச் சமாளிப்பது தாய்மார்களுக்குப் பெரும்பாடு. சமையல் முடியும் வரை இருக்கட்டும் என்று பல வீடுகளில் ஒரு கார்ட்டூன் படத்தைப் போட்டுக் கொடுக்கிறார்கள். பாட்டு இருக்கிறது, முயல் இருக்கிறது, இளவரசி இருக்கிறாள். இதில் என்ன வந்துவிடப் போகிறது என்ற நினைப்பு. இரவு பிள்ளை தனியாகப் படுக்க மாட்டேன் என்று அழும்போதுதான் அந்தப் படத்தில் என்ன இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

1937-ல் வால்ட் டிஸ்னி தயாரித்த ‘ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். 83 நிமிடப் படம். குள்ளர்கள் ஆடிப்பாடுவதும், காட்டுப் பிராணிகள் வீட்டைச் சுத்தம் செய்வதும் எந்தப் பிள்ளைக்கும் பிடிக்கும். அதே படத்தில்தான், பெண்ணைக் கொன்று இதயத்தைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவா என்று ராணி வேட்டைக்காரனுக்கு உத்தரவிடுகிறாள். காட்டில் ஓடும் பெண்ணை மரக்கிளைகள் கைகளைப் போல நீண்டு பிடிக்கின்றன. ராணி ஒரு பானத்தைக் குடித்துக் கிழவியாக மாறும் இடம் பெரியவர்களுக்கே ஒரு மாதிரி இருக்கும். 1938-ல் பிரிட்டன் தணிக்கையாளர்கள் இதற்கு அன்றைய ‘ஏ’ சான்றிதழைக் கொடுத்தார்கள். பெரியவர் துணையோடுதான் பிள்ளைகள் பார்க்கலாம் என்பது அதன் பொருள்.

நம் நாட்டில் 2024 முதல் ‘யூ/ஏ’ சான்றிதழை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். முதலில் அதைப் பாருங்கள். ஆனால் அது பொதுவான அளவுதான். உங்கள் பிள்ளையை வாரியத்துக்குத் தெரியாது.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளை கதையைப் பார்த்து அல்ல, உருவத்தையும் சத்தத்தையும் பார்த்துப் பயப்படுகிறது. “அது பொய்ம்மா, வெறும் படம்” என்று சொல்வதில் அந்த வயதில் அதிகப் பலன் இல்லை. மடியில் உட்கார்த்தி அணைத்துக்கொண்டால் போதும். ஏழு, எட்டு வயதில் நிலைமை மாறுகிறது. சூனியக்காரியைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளை, நிஜத்தில் நடக்கக்கூடியதைக் கண்டு கலங்கும்.

2013-ல் வந்த ‘ஃப்ரோசன்’ படத்தில் சூனியக்காரியே இல்லை. ஆனால் படம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே இரண்டு சிறுமிகளின் தாயும் தந்தையும் கடலில் மூழ்கி இறந்துவிடுகிறார்கள். நான்கு வயதுப் பிள்ளை அதைக் கவனிக்காமல் போகலாம். வாப்பாவை இழந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு அதுதான் மொத்தப் படமும். நம் மஹல்லாவில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டார் இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சிற்றன்னை விஷயமும் அப்படித்தான். மறுமணம் நடந்த வீடுகளில், புதிதாக வந்த தாயோடு பிள்ளை இப்போதுதான் ஒட்டத் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில் கொடுமைக்காரச் சிற்றன்னைக் கதை வேண்டுமா என்று யோசியுங்கள். கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட முதல் பதிப்பில் அந்த ராணி பெற்ற தாய்தான். 1819 பதிப்பில்தான் சிற்றன்னை ஆனாள்! படம் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்கும் பிள்ளையிடம் இதைச் சொல்லலாம்.

பேசும் கண்ணாடி, மந்திரம் எல்லாம் வருகிறதே, காட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது ஒவ்வொரு வீட்டாரும் ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டியது. இளவரசன் முத்தமிடும் காட்சி சங்கடமாக இருந்தால் தள்ளிவிடுங்கள். கிரிம் கதையில் முத்தமே கிடையாது. சவப்பெட்டி குலுங்கியதில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்து அவள் விழித்துவிடுகிறாள்.

படத்தை முதலில் நீங்கள் பார்த்துவிடுவதே சிறந்த வழி. முழுதும் முடியாவிட்டால் கடைசி இருபது நிமிடத்தையாவது பாருங்கள். பயங்கரம் பெரும்பாலும் அங்கேதான். பகலில், சத்தத்தைக் குறைத்து, கூடவே உட்கார்ந்து காட்டுங்கள். பிள்ளை முகத்தை மூடினாலோ, திடீரென்று அடுக்களைக்கு ஓடிவந்தாலோ நிறுத்திவிடுங்கள். ‘பயந்தாங்கொள்ளி’ என்று கேலி செய்தால் அடுத்த முறை பயத்தை மறைத்துக்கொள்ளும். காக்காவும் ராத்தாவும் முழுதும் பார்க்க ஆசைப்பட்டால், சின்னது தூங்கிய பிறகு போட்டுக்கொடுக்கலாம்.